கண்ணில் படாத கருவிகளுக்கு லினக்ஸ் மென்பொருள் கடையில் இடம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். "இந்தக் கருவியை நிறுவுங்கள்" என்று ஒரு பெயரைச் சொல்வேன். அவர்கள் மென்பொருள் கடையைத் திறந்து தேடுவார்கள், கிடைக்காது. இன்னொரு நாள் கிடைக்கும், நிறுவுவார்கள், ஆனால் திரையில் எதுவும் நடக்காது. இரண்டு முறையும் எனக்குத்தான் தொலைபேசி வரும். அப்படி வந்த கேள்விகளையும் பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதி) பராமரிக்கும் நண்பர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பின்னணிக் கருவி என்று எதைச் சொல்கிறீர்கள்?

சொந்தமாக ஜன்னல் இல்லாமல், பெரும்பாலும் மெனுவில் ஐகானும் இல்லாமல், கணினி ஓடும்போது கூடவே ஓடுகிற நிரல்களை. அச்சுப்பொறியைக் கவனிக்கும் கப்ஸ், ஒலியைக் கையாளும் பைப்வயர், மடிக்கணினியின் மின்செலவைக் குறைக்கும் டிஎல்பி, இரண்டு கணினிகளின் கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் எல்லாம் இந்த வகைதான்.

இவற்றில் ஒரு பிரிவினை உண்டு. பைப்வயரை யாரும் தேடிப் போய் நிறுவுவதில்லை, அது கணினியோடு வருகிறது. டிஎல்பியையும் சிங்க்திங்கையும் ஒருவர் தெரிந்து, விரும்பி நிறுவுகிறார். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த வேறுபாடுதான்.

மென்பொருள் கடைகளில் இவை ஏன் தெரிவதில்லை? வேண்டுமென்றே மறைத்துவிட்டார்களா?

பாதி அப்படித்தான், மீதி தானாக நடந்தது.

க்னோம், கேடிஈ என்ற டெஸ்க்டாப் சூழல்களோடு வரும் க்னோம் சாஃப்ட்வேர், கேடிஈ டிஸ்கவர் போன்ற கடைகள் பேக்கேஜ்களை நேராகப் பார்ப்பதில்லை. ஆப்ஸ்ட்ரீம் என்ற பொதுத் தரத்தின்படி எழுதப்பட்ட விவரக்குறிப்புகளைப் பார்க்கின்றன. 2011 ஜனவரியில் டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே, உபுண்டு உள்ளிட்ட விநியோகங்களின் (லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் வடிவங்களின்) நிரலாளர்கள் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் கூடிப் பேசியதிலிருந்து இது தொடங்கியது. 1.0 பதிப்பு 2023 நவம்பரில்தான் வந்தது.

ஒரு நிரலின் பெயர், ஒரு வரி விளக்கம், படங்கள், உரிமம் எல்லாம் மெட்டாஇன்ஃபோ என்ற சிறிய எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். விநியோகத்தின் சேவையகம் எல்லாப் பேக்கேஜ்களையும் பிரித்துப் பார்த்து, இந்தக் கோப்பு உள்ளவற்றையும், சில விநியோகங்களில் மெனுவில் தெரியும் செயலிகளையும் சேகரித்துப் பட்டியலாக்குகிறது. மெனுவில் வராமல், மெட்டாஇன்ஃபோவும் இல்லாமல் இருக்கும் நிரல் கடையைப் பொறுத்தவரை இல்லாததுதான். யாரும் அதை விலக்கவில்லை. அதற்காக யாரும் அந்தக் கோப்பை எழுதவில்லை, அவ்வளவுதான்.

முன்பு எல்லாமே தெரிந்ததே?

தெரிந்தது. டெபியன் உலகில் சினாப்டிக் என்ற கருவி இன்றும் எல்லாவற்றையும் காட்டும். டெபியன் 12 வெளியானபோது அதில் 64,419 பேக்கேஜ்கள் இருந்தன. நூலகங்கள், ஆவணத் தொகுப்புகள், எழுத்துருக்கள், நிரலாளர்களுக்கு மட்டும் பயன்படும் தலைப்புக் கோப்புகள் எல்லாம் சேர்த்து. புகைப்படம் திருத்த ஒரு செயலி தேடி வந்தவருக்கு நூற்றுக்கணக்கான வரிகள் கிடைத்தால் அவர் என்ன செய்வார்? அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் "செயலிகளை மட்டும் காட்டு" என்ற எண்ணமே பிறந்தது. அது நியாயமான எண்ணம். அதை எதிர்த்து நான் எழுதவில்லை.

இடையில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. 2009 அக்டோபரில் உபுண்டு 9.10-உடன் வந்த உபுண்டு மென்பொருள் மையத்தில் எதையாவது தேடினால் முதலில் செயலிகள் மட்டும் வரும். கீழே ஓரமாகச் சிறிய எழுத்தில், இத்தனை தொழில்நுட்ப உருப்படிகளும் இருக்கின்றன, காட்டவா என்று ஓர் இணைப்பு இருக்கும். தேவைப்படுபவர் அழுத்துவார், மற்றவர் கடந்து போவார். 2016 ஏப்ரலில் 16.04 வந்தபோது அந்த மையத்தின் இடத்தை க்னோம் சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது. அந்தச் சிறிய இணைப்பும் போய்விட்டது. எனக்கு இன்றும் அது ஒரு இழப்பாகத்தான் தெரிகிறது.

சரி, உங்கள் நிலை என்ன? காட்ட வேண்டுமா, கூடாதா?

ஒருவர் தெரிந்து நிறுவக்கூடிய பின்னணிக் கருவி என்றால் தேடலில் கட்டாயம் வர வேண்டும். முகப்பில், "இந்த வாரத் தேர்வு" வரிசையில் வர வேண்டியதில்லை. வரும்போது அது என்ன வகை என்று முகத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நிறுவிய பிறகு அதை எங்கே பார்ப்பது, எப்படி நிறுத்துவது என்று சொல்ல முடியாத கருவி பட்டியலுக்கு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

மளிகைக் கடையில் பெருங்காயத்தை வாசலில் அடுக்குவதில்லை. ஆனால் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட்டவரிடம் "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். நம் மென்பொருள் கடைகள் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சாதாரணப் பயனருக்கு இதெல்லாம் எதற்கு?

தமிழ்த் தட்டச்சையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸில் "அம்மா" என்று ஒலிப்பு முறையில் அடிக்க விரும்பும் ஒருவருக்கு உள்ளீட்டு முறை ஒன்று தேவை. பெரும்பாலும் ஐபஸ், அதோடு எம்17என் என்ற பல்மொழித் தொகுப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99 அமைப்பும் அதே தொகுப்பில் இருக்கிறது. இது முழுக்க முழுக்கப் பின்னணிக் கருவி. ஜன்னல் கிடையாது, "திறக்க" எதுவும் கிடையாது. ஆனால் இது இல்லாமல் அவரால் வீட்டுக்கு ஒரு கடிதம்கூட எழுத முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி மையத்தில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். உரிமையாளர் தானாகவே முயன்றிருக்கிறார். கடையில் "தமிழ்" என்று தேடியவருக்கு ஒரு விளையாட்டும் ஓர் அகராதியும் கிடைத்தன. விசைப்பலகை கிடைக்கவில்லை. "லினக்ஸில் தமிழ் வராது போலிருக்கிறது, தம்பி" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கடையில் இல்லாததை இல்லை என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்?

ஆப்ஸ்ட்ரீம் தரத்தில் உள்ளீட்டு முறைக்கென்றே தனி வகை உண்டு. எழுத்துரு, கோடெக், இயக்கி, ஃபர்ம்வேர், கன்சோல் செயலி, சேவை (பின்னணியில் ஓடும் நிரல்) என்று ஒவ்வொன்றுக்கும் வகைகள் உண்டு. தரம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த வகைகளைப் பயனருக்குப் புரியும்படி காட்டுவதில்தான் கடைகள் பின்தங்கியிருக்கின்றன.

தேவைப்படுபவர் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில்) நிறுவிக்கொள்ளட்டுமே?

இந்தப் பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றிக்கொண்டேன்.

2021 நவம்பரில் லினஸ் டெக் டிப்ஸ் யூடியூப் தொடரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். லினஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் விநியோகத்தில், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் செயலியை நிறுவ முயன்றார். வரைகலைக் கடை மறுத்தது. ஏன் மறுத்தது என்று அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. அவர் டெர்மினலுக்குப் போனார். அங்கே பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவி, முக்கியமான பேக்கேஜ்கள் நீக்கப்படப் போகின்றன என்று நீண்ட பட்டியலோடு எச்சரித்து, உறுதிசெய்ய ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார். டெஸ்க்டாப் முழுவதும் அழிந்துபோனது. பிறகு ஆப்ட் கருவியையே மாற்றி, அப்படி எளிதாக நடக்க முடியாமல் செய்தார்கள்.

ஸ்டீம் பின்னணிக் கருவி அல்ல, உண்மைதான். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பாடம் இதற்கும் பொருந்தும். கடை வாயை மூடிக்கொண்டால் பயனர் முயற்சியை விடுவதில்லை. பாதுகாப்பு குறைந்த வழிக்குப் போகிறார். ஏதோ ஒரு பக்கத்தில் கிடைத்த கட்டளையை, சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்) சேர்த்து, அப்படியே ஒட்டி எண்டர் தட்டுகிறார். விநியோகம் சோதித்து, கையொப்பமிட்டு வைத்திருக்கும் பேக்கேஜ் கடையில் தெரியாததால், முன்பின் தெரியாத ஒருவரின் ஸ்கிரிப்ட் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஓடுகிறது. பாதுகாப்புக்காக மறைக்கிறோம் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நிறுவினேன், "திற" பொத்தானே வரவில்லை. பழுதா?

பழுது இல்லை. திறக்க அதில் எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் பழுது என்று நினைத்ததற்குக் காரணம் கடைதான். கடையின் பக்க அமைப்பு முழுவதும் "நிறுவு, திற, நீக்கு" என்ற மூன்று செயல்களைச் சுற்றி அமைந்தது. சேவைக்கு அந்த நடு வார்த்தை பொருந்தாது. டிஎல்பியின் பேக்கேஜில் மெட்டாஇன்ஃபோ கோப்பு இருக்கிறது. அதை எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். ஆனாலும் நிறுவிய பிறகு "ஓடிக்கொண்டிருக்கிறது, மடிக்கணினியை மின்இணைப்பிலிருந்து எடுத்தால் தானாகவே மாறும்" என்று ஒரு வரி காட்டக் கடையில் இடம் இல்லை. பயனர் ஏமாந்து, "வேலை செய்யவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். நன்றாக ஓடும் கருவிக்குக் கெட்ட பெயர்.

சிங்க்திங் இதை அழகாகக் கையாண்டிருக்கிறது. அது பின்னணியில் ஓடி, உலாவியில் 8384 என்ற போர்ட்டில் (வலையமைப்பு வாயிலில்) தன் பக்கத்தைக் காட்டும். அதன் மூலநிரலோடு இரண்டு மெனுக் கோப்புகள் வருகின்றன. ஒன்று அதைத் தொடங்க, மற்றொன்று அந்தப் பக்கத்தைத் திறக்க. ஜன்னல் இல்லாத நிரலுக்கும் ஒரு கதவு வைத்துவிட்டார்கள்.

ஐபஸ் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது: நிறுவிய பிறகு வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். க்னோம் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் உள்ளீட்டு மூலங்களில் தமிழைச் சேருங்கள். இந்த இரண்டு வரிகளும் கடையின் பக்கத்திலேயே இருந்திருந்தால் எனக்கு எத்தனையோ அழைப்புகள் வந்திருக்காது.

நிறுவியவுடனே ஓடத் தொடங்கிவிடுமா?

இது நீங்கள் எந்த விநியோகத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைகள் சொல்லாத விஷயங்களில் எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

டெபியனிலும் உபுண்டுவிலும் சேவை ஒன்றை நிறுவினால் பொதுவாக அது அப்போதே தொடங்கிவிடும், அடுத்த முறை கணினியை இயக்கும்போதும் தானாக வரும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகத்தை நிறுவினால் அடுத்த நொடி உங்கள் கணினி வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் காது கொடுக்கத் தொடங்கும். ஃபெடோராவில் அப்படி இல்லை. நிறுவினால் கோப்புகள் வந்து உட்காரும், சிறு விதிவிலக்குகள் தவிர நீங்கள் சொன்னால்தான் ஓடும். இரண்டு வழக்கத்துக்கும் காரணங்கள் உண்டு. நிறுவியவர் பயன்படுத்தத்தானே நிறுவினார் என்பது டெபியனின் வாதம். அமைப்புகளைச் சரிபார்க்காமல் எதையும் ஓடவிடக் கூடாது என்பது ஃபெடோராவின் வாதம். எனக்கு ஃபெடோராவின் வழிதான் பிடிக்கும்.

ஆனால் க்னோம் சாஃப்ட்வேர் இரண்டிலும் ஒரே பொத்தானைத்தான் காட்டுகிறது. ஒன்றில் அந்தப் பொத்தானுக்கு "கதவைத் திற" என்று அர்த்தம், மற்றொன்றில் "சாவியை வாங்கி வை" என்று அர்த்தம். பின்னணிக் கருவிகளைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் கடைகள் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த வேறுபாட்டைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதுவது. "நிறுவியதும் ஓடும், வலையமைப்பில் இணைப்புகளை ஏற்கும்" என்ற ஒரு வரி போதும்.

ஒன்றோடொன்று மோதும் கருவிகளை என்ன செய்வது?

இது மறைக்கச் சொல்பவர்களின் மிக வலுவான வாதம். இதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

இரண்டு புகைப்படச் செயலிகளை நிறுவினால் இரண்டும் சும்மா இருக்கும். இரண்டு மின்மேலாண்மைச் சேவைகளை நிறுவினால் இரண்டும் ஒரே சிபியுவின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். டிஎல்பியையும் க்னோம் பயன்படுத்தும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனையும் (டீமன் என்றால் பின்னணிச் சேவை) ஒன்றாக ஓடவிடக் கூடாது. டிஎல்பி வந்தால் மற்றது விலக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். அப்போது க்னோமின் மேல்மூலை மெனுவில் இருந்த மின்முறைப் பொத்தான் திடீரென்று காணாமல் போகலாம். ஃபெடோரா 41-இல் அந்த டீமனின் இடத்துக்கே ட்யூன்டு என்ற இன்னொரு சேவை வந்துவிட்டது. ஆகவே பழைய வழிகாட்டியைப் படித்துவிட்டு வருபவர் இன்னும் குழம்புவார்.

இந்த மோதல் விவரம் பேக்கேஜ் அமைப்புக்குத் தெரியும். கடை அதை "இதை நிறுவினால் இது போய்விடும், இந்தப் பொத்தான் மறையும்" என்று மனிதருக்குப் புரியும் சொற்களில் மொழிபெயர்க்க வேண்டும். அதுவரை இப்படிப்பட்ட கருவிகளுக்கு நான் கேட்பது தேடலில் ஓர் இடம் மட்டும். பரிந்துரையில் அவை வரவே கூடாது.

தவறுதலாக முக்கியமான ஒன்றை நீக்கிவிட்டால்?

அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. குறிப்பிட்ட டெஸ்க்டாப்புக்கு இது கட்டாயம் என்று மெட்டாஇன்ஃபோவில் குறிக்க முடியும். கடை அதை மதித்து, அந்த டெஸ்க்டாப்பில் நீக்கும் வாய்ப்பைத் தராது. ஒலி, வலையமைப்பு போன்ற அடிப்படைச் சேவைகள் பட்டியலுக்கு வராமல் இருப்பதே நல்லது. வந்தால் இந்தக் குறியோடுதான் வர வேண்டும்.

பாதுகாப்புக் கோணத்தில், காட்டுவது நல்லதா மறைப்பது நல்லதா?

2024 செப்டம்பர் 26 அன்று கப்ஸ் அச்சு அமைப்பில் தொடர்ச்சியான ஓட்டைகள் வெளியிடப்பட்டன. அவற்றின் நடுவில் இருந்தது கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சிறிய சேவை. வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிகளைத் தானாகக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அதற்காக யூடிபி 631 போர்ட்டில் எங்கிருந்து வரும் தகவலையும் நம்பி ஏற்றுக்கொண்டது. அந்த வழியாகப் போலி அச்சுப்பொறியைச் சேர்த்துவிட்டு, பயனர் அதில் அச்சிடும்போது தாக்குபவரின் கட்டளையை ஓட்ட முடிந்தது. அன்று எல்லோரும் சொன்ன அறிவுரை எளிமையானது: தேவையில்லை என்றால் அந்தச் சேவையை நிறுத்துங்கள்.

எளிமைதான், ஆனால் யாருக்கு? அன்று மாலை என்னிடம் கேட்டவர்களில் பலருக்கு அப்படி ஒன்று தங்கள் கணினியில் ஓடுவதே தெரியாது. கடையின் "நிறுவப்பட்டவை" பக்கத்தில் பார்த்தார்கள், இல்லை. இல்லை என்றதும் நிம்மதியானார்கள். அந்த நிம்மதி பொய். ஒவ்வொருவரையும் டெர்மினல் திறக்கச் சொல்லி, எழுத்து எழுத்தாகக் கட்டளையைப் படித்துக் காட்டினேன். சேவைகளைக் காட்டும் ஒரு பக்கம் இருந்திருந்தால் ஒரே ஒரு சொடுக்கில் முடிந்திருக்கும் வேலை.

கடையில் இருப்பதைப் பார்த்து "என் கணினியில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கடைகள் பொறுப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற, பல விநியோகங்களுக்கும் பொதுவான பேக்கேஜ் முறைகளில் நிலைமை எப்படி?

ஸ்னாப்பில் டீமன்களும் இருக்கலாம், சேவையக மென்பொருளும் அதே கடையில் கிடைக்கும். ஃபிளாட்பேக் டெஸ்க்டாப் செயலிகளுக்காக உருவானது, கணினி அளவிலான சேவைகளுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் ஃபிளாட்பேக் செயலி ஜன்னலை மூடிய பிறகும் ஓட விரும்பினால் அதற்கென்று ஓர் அனுமதி வாயில் உண்டு. 2023 மார்ச்சில் வந்த க்னோம் 44, அப்படி ஓடுபவற்றை மேல்மூலை மெனுவிலேயே பட்டியலிட்டு, அங்கேயே மூடவும் வழி செய்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றங்களில் ஒன்று. சாதாரணப் பேக்கேஜாக வரும் சேவைகளுக்கும் இதே மரியாதை கிடைக்க வேண்டும்.

சேவையகத்தில்?

அங்கே காக்பிட் என்ற நிர்வாகக் கருவி இருக்கிறது. உலாவியில் 9090 போர்ட்டில் திறந்தால் சேவைகளைப் பார்க்கலாம், தொடங்கலாம், நிறுத்தலாம். அதன் செயலிகள் பக்கமும் ஆப்ஸ்ட்ரீம் விவரங்களைக் கொண்டே தன் துணைநிரல்களைப் பட்டியலிடுகிறது.

வன்பொருளுக்கான கருவிகளை யார் தேடுவார்? பெயரே தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. தன் மெட்டாஇன்ஃபோவில் "இன்ன அடையாளம் உள்ள சாதனத்துக்கு நான் உதவுவேன்" என்று ஒரு பேக்கேஜ் எழுதி வைக்கலாம். டெபியனில் ஐசென்கிராம் என்ற கருவி, கணினியில் இருக்கும் சாதனங்களை இந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பொருத்தமான பேக்கேஜைச் சொல்லும். கைரேகை வாசிப்பானோ வரைபலகையோ செருகியவுடன் "இதற்கு இந்தக் கருவி உண்டு" என்று கணினியே சொல்வது எவ்வளவு நல்லது! ஆனால் இந்த வரியை எழுதிய பேக்கேஜ்கள் குறைவு.

நான் ஒரு பேக்கேஜைப் பராமரிக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

மெட்டாஇன்ஃபோ எழுதுங்கள். வகையைச் சரியாகப் போடுங்கள். சேவை என்றால் சேவை என்றே எழுதுங்கள், கடையில் தெரிய வேண்டும் என்பதற்காக டெஸ்க்டாப் செயலி என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு வரி விளக்கத்தில் "டீமன்", "பின்தளம்" என்று எழுதுவதைவிட அது பயனருக்கு என்ன செய்து தரும் என்று எழுதுங்கள். நீண்ட விளக்கத்தின் முதல் பத்தியிலேயே, நிறுவிய பிறகு எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கடையும் மாறாமலேயே இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் எதுவும் செய்ய முடியுமா?

முடியும். மெட்டாஇன்ஃபோவில் பெயர், விளக்கம், தேடுசொற்கள் எல்லாவற்றையும் மொழிவாரியாக எழுதலாம். தமிழுக்கும் இடம் உண்டு, பல கோப்புகளில் அது காலியாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒரு கருவியை எடுத்து, அதன் மொழிபெயர்ப்புப் பக்கத்துக்குப் போய், "தமிழ்", "தட்டச்சு", "விசைப்பலகை", "கீபோர்டு" என்று மக்கள் உண்மையில் தேடும் சொற்களைச் சேருங்கள். அந்த டிடிபி மையத்துக்காரர் தேடியது இந்த நான்கில் முதல் சொல்லைத்தான்.